பிழை எங்கட, பழி அவளுக்கு: மக்ரோக்களும் வகைச் சரிபார்ப்பும்

எங்கள் குழுவில் சனி, ஞாயிறுகளில் கூடி நிரல் எழுதுகிற ஆறேழு பேர் இருக்கிறோம். ஊர் வாசிகசாலை ஒன்றுக்குப் புத்தகம் இரவல் கொடுத்து வாங்குகிற கணக்கை வைத்துக்கொள்ள ஒரு சின்ன மென்பொருள் செய்தோம். ஸ்காலா மொழியில், 2.13 பதிப்பில். ஏன் ஸ்காலா என்று கேட்டால் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. எங்களில் இரண்டு பேர் கொழும்பில் வேலை செய்கிற இடத்தில் அதைப் பழகியிருந்தார்கள், அவ்வளவுதான்.

அதற்குள் ஒரு மக்ரோவும் எழுதினோம். "2000ஆம் ஆண்டுக்குப் பிறகு வந்த புத்தகங்களைத் தா" என்பதைச் சாதாரண ஸ்காலாவில் எழுதினால் போதும். கொம்பைல் ஆகும்போதே எங்கட மக்ரோ அந்த வரியை வாசித்து, தரவுத்தளம் விளங்கிக்கொள்ளும் எஸ்.கியூ.எல் கேள்வியாக மாற்றிவிடும். மாற்ற முடியாத மிச்சத்தை ஒரு புதுச் செயற்கூறுக்குள் போட்டு, நினைவகத்தில் வைத்து வடிகட்டும். செய்து முடித்த அன்று எங்களுக்கு நல்ல புழுகம். தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு ஆளாளுக்கு முதுகில் தட்டிக்கொண்டோம்.

ஒரு மாதம் போனது. கம்பஸ் முதலாம் வருடத்தில் படிக்கிற ஒரு தங்கச்சி எங்களோடு சேர்ந்தாள். அறிக்கைப் பக்கம் ஒன்றை எழுதச் சொல்லிக் கொடுத்தோம். பிறகு மூன்று நாள் ஆளின் சத்தமே இல்லை. நாலாம் நாள் ஒரு குரல் செய்தி வந்தது.

"அண்ணா, நான் என்ன பிழை விட்டனான் எண்டு விளங்கேல்லை. மூண்டு நாளா ஒவ்வொரு வரியா அழிச்சு அழிச்சுப் பாக்கிறன். கொம்பைலரே விழுந்து போகுது. எனக்கு இது சரிவராது போல. வேற யாரிட்டயும் குடுங்கோவன்."

அவளுடைய நிரலைத் திறந்து பார்த்தோம். அதில் ஒரு பிழையும் இல்லை. வடிகட்டிக்குள்ளே ஒரு இடைநிலைப் பெறுமதியை வைத்து, அதை உள்ளே இன்னொரு குட்டிச் செயற்கூறில் பாவித்திருந்தாள். எந்த ஸ்காலா புத்தகத்தைத் திறந்தாலும் இருக்கிற பழக்கம்தான். பிழை எங்கட மக்ரோவில். ஆனால் அந்த மூன்று நாளும் பழி அவளுக்கு. அதையும் அவள் தானாகவே தன்மேல் போட்டுக்கொண்டாள்.

இந்தக் கட்டுரை அந்த மூன்று நாளைப் பற்றியது. எங்களுடைய கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: கொம்பைல் நேரத்தில் ஓடுகிற மக்ரோவை எழுதுகிற ஆள், தான் தொடுகிற தொடரியல் மரத்தின் வகைகளுக்கும் பொறுப்பு. அரைவாசிப் பொறுப்பு என்று ஒன்று இதில் இல்லை. இது கெட்டித்தனம் பற்றிய கேள்வி என்று பலர் நினைக்கிறார்கள். எங்களுக்கு இது மரியாதை பற்றிய கேள்வி.

மரமும் அதன் வகைகளும்

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுவம். நாங்கள் எழுதுகிற நிரல் கொம்பைலருக்கு முதலில் வெறும் எழுத்துக் கூட்டம். அதை அது சொற்களாக வெட்டும். பிறகு அந்தச் சொற்களை ஒரு மரமாக அடுக்கும். "அ கூட்டல் ஆ" என்றால் கூட்டல் ஒரு கணு, அதன் கீழே அ ஒரு கிளை, ஆ ஒரு கிளை. இதுதான் தொடரியல் மரம். இந்தக் கட்டத்தில் அ என்பது எண்ணா, சொல்லா, புத்தகமா என்று கொம்பைலருக்குத் தெரியாது.

அதற்கு அடுத்த கட்டம்தான் வகைச் சரிபார்ப்பு. ரைப் செக்கிங் என்று கம்பஸில் படித்திருப்பீர்கள். கொம்பைலர் மரத்தின் ஒவ்வொரு கணுவுக்கும் போய், "நீ யார், உன்னுடைய வகை என்ன, இந்தப் பெயர் எங்கே அறிவிக்கப்பட்டது" என்று கேட்டு, பதிலை அந்தக் கணுவிலேயே ஒட்டிவிட்டு வரும். எண்ணையும் புத்தகத்தையும் கூட்டப் பார்த்தால் இந்த இடத்தில்தான் பிடிபடும்.

மக்ரோ என்பது இந்த ஓட்டத்துக்கு நடுவில் புகுந்து மரத்தை மாற்றுகிற நிரல். நிரல் எழுதுகிற நிரல். ஆகவே எந்த மக்ரோ முறைமையைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: இது வகைச் சரிபார்ப்புக்கு முன்னாலா புகுகிறது, பின்னாலா, அல்லது நடுவிலா?

சி மொழியின் மக்ரோக்களுக்கு மரமே தெரியாது. எழுத்துக்குப் பதில் எழுத்து, அவ்வளவுதான். வர்க்கம் காண "எக்ஸ் பெருக்கல் எக்ஸ்" என்று அடைப்புக்குறி இல்லாமல் ஒரு மக்ரோ எழுதி, அதற்கு 1+2 என்று கொடுத்தால் 9 வராது. 1+2*1+2 என்று விரிந்து 5 வரும். முதலாம் வருடத்தில் எல்லாருக்கும் காட்டுகிற உதாரணம் இது. லிஸ்ப் மொழிக்கு 1963இல் திமோதி ஹார்ட் மக்ரோவைக் கொண்டுவந்தபோது கதை மாறியது. அங்கே நிரலே பட்டியல்களால் ஆன மரம். மக்ரோ மரத்தை வாங்கி மரத்தைக் கொடுக்கும். அதிலும் ஒரு சிக்கல் வந்தது. மக்ரோ உள்ளுக்குள் வைத்த பெயரும் பாவிப்பவர் வைத்த பெயரும் ஒன்றாகிப் போனால் ஒன்றை ஒன்று விழுங்கும். இதைத் தடுக்கிற வழியை 1986இல் கோல்பெக்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் எழுதினார்கள். சுகாதாரமான மக்ரோ விரிப்பு என்று அதற்குப் பெயர்.

பெயர்ச் சண்டை ஓரளவுக்குத் தீர்ந்தது. வகைச் சண்டை மிச்சம் இருந்தது.

வீடு மாறியது, பதிவு மாறவில்லை

ஸ்காலா 2.10 பதிப்பு 2013 ஜனவரியில் வந்தபோது மக்ரோவும் அதோடு வந்தது. யூஜின் புர்மாகோ என்பவர் முன்னின்று செய்த வேலை. பரிசோதனை நிலையில் உள்ள வசதி என்ற குறிப்போடுதான் வந்தது. 2.13 வரைக்கும் அந்தக் குறிப்பு போகவில்லை. ஆனால் ஸ்காலா உலகத்தின் பாதி நூலகங்கள் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டன. பரிசோதனை என்று எழுதி ஒட்டினால் மட்டும் ஆக்கள் தள்ளி நிற்பார்களா என்ன?

இந்த முறைமை மேலே சொன்ன கேள்விக்கு "நடுவில்" என்று பதில் சொல்கிறது. பாவிப்பவர் மக்ரோவுக்குக் கொடுக்கிற நிரல் முதலில் வகை சரிபார்க்கப்படும். பிறகுதான் மக்ரோவின் கைக்கு வரும். கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. வகை தெரிந்த மரம் கிடைக்கிறது, "இது எண்ணா" என்று கேட்டால் பதில் வருகிறது. மக்ரோ அந்த மரத்திலிருந்து ஒரு கிளையை ஒடித்து, தான் புதிதாய்ச் செய்த வகை தெரியாத மரத்தில் ஒட்டிக் கொடுக்கிறது. அந்தப் புது மரத்தைக் கொம்பைலர் மறுபடியும் சரிபார்க்கிறது.

சிக்கல் இங்கேதான். மறுபடி சரிபார்க்கும்போது ஏற்கெனவே வகை ஒட்டப்பட்ட கிளையைக் கண்டால் கொம்பைலர் "இவருக்கு அலுவல் முடிஞ்சுது" என்று தாண்டிப் போய்விடும். அந்தக் கிளைக்குள் ஒரு பெறுமதி அறிவிக்கப்பட்டிருந்தால், அதற்கு ஒரு உரிமையாளர் பதிவும் இருக்கும். "நான் இன்ன செயற்கூறுக்குள் இருக்கிறேன்" என்கிற பதிவு. கிளை இப்போது புதுச் செயற்கூறுக்குள் இருக்கிறது. பதிவு பழைய செயற்கூறின் பெயரிலேயே கிடக்கிறது.

இடம்பெயர்ந்து போன குடும்பங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆள் இங்கே இருக்கிறார், குடும்ப அட்டை பழைய கிராம சேவையாளர் பிரிவில் இருக்கிறது. இங்கே போனால் "உங்கட பதிவு இங்க இல்லை" என்பார்கள். அங்கே போனால் "நீங்கள் இப்ப இங்க இல்லையே" என்பார்கள். முதல் நாள் ஒன்றும் தெரியாது. நிவாரணமோ பாடசாலை அனுமதியோ வேண்டிப் போகிற அன்றுதான் பிரச்சினை வெளியில் வரும்.

கொம்பைலரிலும் அப்படியேதான். சரிபார்ப்புக் கட்டத்தில் ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகு வருகிற ஒரு கட்டம், உள்ளே உள்ள குட்டிச் செயற்கூறுகளை வெளியே எடுக்கும்போது, "இந்தப் பெறுமதி யாருக்குச் சொந்தம்" என்று பதிவைப் பார்க்கும். பதிவு காட்டுகிற இடத்தில் ஆள் இல்லை. கொம்பைலர் விழுந்துவிடும். திரை நிறையக் கொம்பைலரின் உள்வீட்டுப் பெயர்கள் வரிசையாக வரும். பாவிப்பவர் எழுதிய வரி அந்தப் பட்டியலில் எங்கேயும் இராது.

எங்கட தங்கச்சி பார்த்தது இதைத்தான். மூன்று நாள்.

மந்திரம் போட்டோம்

நாங்கள் முதலில் செய்த வேலையையும் ஒளிக்காமல் சொல்லுவம். இணையத்தில் தேடினோம். ஒரு வரி கிடைத்தது: மரத்தை ஒட்டுவதற்கு முன் அதன்மேல் "அன்ரைப்செக்" என்ற செயற்கூறை ஓட்டு. ஒட்டப்பட்ட வகைகளையும் உள்ளூர்ப் பதிவுகளையும் அது உரித்துவிடும். உரித்த மரத்தைக் கொம்பைலர் முதலில் இருந்து சரிபார்க்கும். பதிவும் புது இடத்துக்குப் புதிதாய் விழும். போட்டோம். வேலை செய்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து இன்னொரு தம்பி வடிகட்டிக்குள்ளே ஒரு பற்றன் மச் எழுதினான். இப்போது வேறொரு பிழை. அவன் எங்கேயும் எழுதாத ஒரு பெயரைக் காணவில்லை என்று கொம்பைலர் சொன்னது. அது கொம்பைலர் தானே உள்ளுக்குள் வைத்துக்கொண்ட பெயர்.

காரணத்தை அதற்குப் பிறகுதான் ஒழுங்காக இருந்து வாசித்தோம். ஸ்காலா 2இன் வகைச் சரிபார்ப்பு மரத்தின்மேல் சிட்டை ஒட்டுவதோடு நிற்பதில்லை. போகிற போக்கில் மரத்தையும் திருத்தி எழுதுகிறது. நீங்கள் எழுதாமல் விட்ட மறைமுக அளபுருக்களைச் செருகும். பற்றன் மச்சின் சில வடிவங்களை வேறு வடிவமாக்கும். ஆகவே சரிபார்த்த மரத்திலிருந்து சிட்டைகளை உரித்தால் நீங்கள் எழுதிய மரம் திரும்பக் கிடைக்காது. மனிதர் யாரும் எழுதியிருக்க முடியாத ஒரு மரம் கிடைக்கும். அதை மறுபடி சரிபார்க்கச் சொன்னால் சில வேளை சரிவரும், சில வேளை சரிவராது. அவித்த முட்டையைத் திரும்பப் பச்சை முட்டையாக்குகிற வேலை அது.

இந்தக் குறை ஒன்றும் இரகசியம் இல்லை. மக்ரோவைச் செய்தவர்களுக்கே தெரிந்து, அவர்களே எழுதி வைத்த விடயம். 2.10இல் இதே வேலையைச் செய்த செயற்கூறுக்கு வேறு பெயர் இருந்தது. 2.11இல் பெயரை மாற்றினார்கள், அடிப்படைச் சிக்கல் மாறவில்லை. உரிமையாளர் பதிவை நேராக மாற்றுகிற செயற்கூறையும் அந்தப் பதிப்பில் கொடுத்தார்கள். ஆனால் அதைச் சரியாகப் பாவிக்கக் கொம்பைலரின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

மற்ற மொழிகள் என்ன செய்தன

ஸ்காலாவை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட எங்களுக்கு விருப்பமில்லை. மற்றவர்கள் என்ன தேர்ந்தெடுத்தார்கள் என்று பார்த்தால்தான் விசயம் தெளியும்.

ரஸ்ட் "முன்னால்" என்று தேர்ந்தது. அதன் செயல்முறை மக்ரோக்களுக்குக் கிடைப்பது சொற்களின் வரிசை மட்டும். வகை எதுவும் தெரியாது, கேட்கவும் வழி இல்லை. மக்ரோ எழுதித் தருவதைக் கொம்பைலர் பிறகு சாதாரண நிரலைப் போலவே சரிபார்க்கும். அரை வெந்த மரம் என்ற பிரச்சினை இங்கே இல்லை. ஆனால் வேறொரு ஆசை வரும். "ஒப்ஷன்" என்ற எழுத்துகளைக் கண்டால் அது அந்த வகைதான் என்று மக்ரோ ஊகிக்கத் தொடங்கும். பாவிப்பவர் அதே வகைக்கு வேறு பெயர் வைத்திருந்தால் ஏமாந்துவிடும். ஒரு ஆளை முகம் பார்க்காமல் பெயரை மட்டும் வாசித்து இவர் இன்னார் என்று முடிவு கட்டுகிற பழக்கம் அது. எங்கட நாட்டில் அதன் விளைவு எல்லாருக்கும் தெரியும்.

ரஸ்ட்காரர் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். வகையை நீ ஊகிக்காதே. "இந்தப் புலத்தின் வகை இந்த நிபந்தனையை நிறைவேற்ற வேண்டும்" என்று ஒரு சின்ன நிரல் வரியை எழுதிக் கொடு, அதைக் கொம்பைலர் சரிபார்க்கட்டும். அந்த வரியின் இட அடையாளமாகப் பாவிப்பவர் எழுதிய புலத்தின் இடத்தையே கொடு. நிபந்தனை பிழைத்தால் சிவப்புக் கோடு பாவிப்பவருடைய வரியின் கீழேயே விழும். மக்ரோ தனக்குத் தெரியாததைத் தெரிந்த ஆளிடம் விட்டுவிடுகிறது.

ஸ்காலா 3 மற்றப் பக்கம் போனது. 2021 மே மாதம் வந்த அந்தப் பதிப்பு பழைய மக்ரோவைக் கைவிட்டது. புது முறையில் மக்ரோ எழுதுகிற மேற்கோள் நிரல், மக்ரோவைக் கொம்பைல் பண்ணும்போதே வகை சரிபார்க்கப்படும். கையில் உள்ள ஒவ்வொரு துண்டுக்கும் "இது எண் தருகிற நிரல்", "இது சொல் தருகிற நிரல்" என்று வகை உண்டு. வகை தெரியாத மரம் என்று ஒன்றை உன் கையில் தருவதே இல்லை. கீழ் மட்டத்துக்கு இறங்கி மரத்தை நேராகத் தொட்டால் அங்கே உரிமையாளர் பதிவு இன்னும் காத்திருக்கிறது. ஆனால் அந்தப் பதிவுகளைச் சோதித்துச் சொல்கிற தெரிவு ஒன்றும் கொம்பைலரில் இருக்கிறது. இந்தப் பாதையின் வேர் பழையது. 1997இல் வாலித் தாஹாவும் டிம் ஷியர்டும் எழுதிய மெட்டா எம்.எல் வரைக்கும் போகும்.

ஸ்விஃப்ட் 5.9 பதிப்போடு 2023இல் மக்ரோவைக் கொண்டுவந்தது. அங்கே மக்ரோவுக்குக் கொடுக்கிற நிரலை விரிப்பதற்கு முன்னரே கொம்பைலர் வகை சரிபார்க்கும். ஆனால் மக்ரோவின் கையில் கொடுப்பது வகைச் சிட்டை இல்லாத வெறும் மரம். பாவிப்பவரின் பிழை முதலே பிடிபடும், மக்ரோவுக்கோ குழம்புவதற்கு இடம் குறைவு.

டார்ட்டின் கதைதான் எங்களைக் கூடுதலாக யோசிக்க வைத்தது. ஃப்ளட்டரில் அப் செய்கிற எங்கட வயதுக்காரர் நிறையப் பேர். 2024இல் டார்ட் மக்ரோ முன்னோட்டமாக வந்தபோது நாங்களும் சந்தோசப்பட்டோம். 2025 ஜனவரியில் அந்த அணியே அதை நிறுத்துவதாக அறிவித்தது. மக்ரோ வகைகளை ஆழமாகக் கேட்டு அறிய வேண்டும் என்றால் கொம்பைல் நேரத்தில் பெரிய விலை கொடுக்க வேண்டியிருந்தது. திருத்தியதை உடனே திரையில் காட்டுகிற வசதிதான் ஃப்ளட்டரின் உயிர். அதைக் கெடுத்துக்கொண்டு மக்ரோ தேவையில்லை என்று முடிவு எடுத்தார்கள். சில வருட உழைப்பை "இது பாவிப்பவருக்கு நல்லதில்லை" என்று சொல்லி மேசையில் வைத்துவிட்டு எழும்புவதற்குத் துணிவு வேண்டும். நாங்கள் அதை மதிக்கிறோம்.

ஆக, முன்னால் நிற்கலாம், பின்னால் நிற்கலாம், வேண்டாம் என்றும் விடலாம். மூன்றுமே நேர்மையான முடிவுகள். பாதி வகை தெரிந்தும் பாதி தெரியாமலும் மரத்தைக் கலந்து கொடுத்துவிட்டு, சரிவரும் என்று நம்பிக்கொண்டு இருப்பதுதான் நேர்மையில்லாதது. ஸ்காலா 2 அதற்கு இடம் கொடுத்தது. நாங்கள் அந்த இடத்தைப் பாவித்தோம்.

"இது பெரிய ஆக்களின்ர வேலை தானே?"

இதை எழுதப் போகிறோம் என்றதும் எங்கட ஒரு நண்பன் கேட்டான்: "எங்கட பெடியள் எத்தினை பேர் மக்ரோ எழுதப் போறாங்கள்? இதெல்லாம் பெரிய ஆக்களின்ர வேலை."

எழுதுகிறவர் குறைவு, அது உண்மை. ஆனால் பாவிக்காதவர் இல்லை. ரஸ்ட்டில் ஒரு கட்டமைப்பின் தலையில் டிரைவ் என்று ஒரு வரி போட்டாலே அதற்குப் பின்னால் ஏதோ ஒரு மக்ரோ ஓடுகிறது. ஆகவே பிழையின் வலி போய்ச் சேர்வது எழுதியவரிடம் இல்லை, பாவிப்பவரிடம். பாவிப்பவர்களிலும் புதிதாய் வந்தவரிடம்.

பழகிய ஆள் கொம்பைலர் விழுந்தால் "நூலகத்தில ஏதோ பிழை" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக்குப் போவார். புதிதாய் வந்த ஆள் "நான்தான் மொக்கு" என்று நினைப்பார். அதிலும் ஏ.எல் வரைக்கும் தமிழில் படித்துவிட்டு, கம்பஸில் ஒரேயடியாக ஆங்கிலத்துக்குள் விழுந்த பிள்ளைக்கு, இருநூறு வரி ஆங்கிலப் பிழைச் செய்தியில் எது தன்னுடைய குற்றம், எது கொம்பைலரின் உளறல் என்று பிரித்தறிய வழி இல்லை. எல்லாமே தன்னைத் திட்டுவது போலத்தான் இருக்கும். கணினித் துறையை விட்டுப் போனவர்களில் எத்தனை பேரை இப்படியான மூன்று நாட்கள் அனுப்பி வைத்தன என்று எங்களுக்கு யோசனை வருகிறது.

இன்னொரு நியாயமும் சொல்வார்கள்: "இப்ப ஏ.ஐயிட்டக் கேட்டா திருத்தித் தருந்தானே." தரும். எங்களுக்கும் தந்தது. அது தந்ததும் அதே அன்ரைப்செக் வரிதான். ஏன் என்று தெரியாமல் ஒட்டுகிற வரி எங்கிருந்து வந்தால் என்ன? அடுத்த தம்பியின் பற்றன் மச்சில் போய் வெடிக்கும்.

நாங்கள் இப்போது செய்வது

எங்கட மக்ரோவைத் திரும்ப எழுதினோம். முதல் முடிவு: பாவிப்பவரின் மரத்தை உடைப்பதில்லை. அவர் எழுதிய செயற்கூறை அப்படியே முழுதாக எடுத்து, நாங்கள் எழுதிய சாதாரணச் செயற்கூறு ஒன்றுக்கு அளபுருவாகக் கொடுத்துவிடுகிறோம். உள்ளே உள்ள பெறுமதிகளும் அவற்றின் பதிவுகளும் ஒன்றையொன்று விட்டுப் பிரிவதில்லை. எஸ்.கியூ.எல் ஆக்குவதற்கு மரத்தை வாசிக்க மட்டும் செய்கிறோம். வாசித்த கிளையை வெட்டி வேறு இடத்தில் நடுவதில்லை. அன்ரைப்செக் எங்கட நிரலில் இப்போது ஒரு இடத்திலும் இல்லை. மக்ரோவின் நீளமும் பாதியாகிவிட்டது. முன்பு மக்ரோவுக்குள் செய்த வேலையில் பெரும்பங்கு சாதாரணச் செயற்கூறிலேயே செய்யக்கூடியது என்று அப்போதுதான் தெரிந்தது. முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது: இதற்கு மக்ரோ உண்மையாகவே தேவையா?

இரண்டாவது முடிவு: விளங்காத வடிவத்தைக் கண்டால் ஊகிப்பதில்லை, நிறுத்திவிடுகிறோம். நிறுத்தும்போது பிழையின் இடமாக அந்தக் கணுவின் இடத்தையே கொடுக்கிறோம். சிவப்புக் கோடு பாவிப்பவரின் சரியான வரியில், சரியான சொல்லின் கீழே விழும்.

மூன்றாவது முடிவு: கொம்பைல் ஆகக் கூடாத நிரல்களுக்கும் பரிசோதனை எழுதுகிறோம். "இதை எழுதினால் இந்த இடத்தில் இந்தச் செய்தி வர வேண்டும்" என்று. சரியான நிரல் ஓடுகிறதா என்று மட்டும் பார்க்கிற பரிசோதனை மக்ரோவுக்குக் காணாது. பிழைச் செய்தியும் நாங்கள் கொடுக்கிற பொருளின் ஒரு பகுதிதான்.

நாலாவது முடிவைத் தங்கச்சிதான் எடுத்தாள். நிறுத்தும்போது காட்டுகிற செய்தி நாங்கள் எழுதுகிற வெறும் சொற்கள்தானே, அது ஏன் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டாள். எங்களிடம் பதில் இருக்கவில்லை. இப்போது எங்கட மக்ரோ நிற்கும்போது திரையில் வருவது இது:

"இந்தப் பகுதியைத் தரவுத்தளக் கேள்வியாக மாற்ற முடியாது. உங்கள் நிரலில் பிழை இல்லை. எங்கள் மக்ரோவுக்கு இது தெரியாது. இந்தப் பெறுமதியை வடிகட்டிக்கு வெளியே எடுத்து எழுதிப் பாருங்கோ."

"உங்கள் நிரலில் பிழை இல்லை" என்ற வரி வேண்டுமா, செய்தி நீளமாய்ப் போகுதே என்று எங்களில் ஒருவர் கேட்டார். அவள் விடவில்லை. "அது மட்டும் இருந்திருந்தா எனக்கு மூண்டு நாள் போயிராது அண்ணா" என்றாள்.

வாசிக்கிறவர்களில் நூலகம் எழுதுகிறவர்கள் இருந்தால் ஒன்று கேட்கிறோம். அடுத்த முறை உங்கட மக்ரோ வேலை செய்கிறது என்று கண்டதும் எழும்பிப் போய்விடாதீர்கள். அதைத் தெரியாத்தனமாகப் பிழையாகப் பாவித்துப் பாருங்கோ. முதலாம் வருடப் பிள்ளை எழுதுவதைப் போல எழுதிப் பாருங்கோ. சிவப்புக் கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கோ. அது அந்தப் பிள்ளையின் வரியில் விழுந்து, என்ன செய்யலாம் என்று சொன்னால் வேலை முடிந்தது. கொம்பைலரின் வயிற்றுக்குள் எங்கேயோ விழுந்தால் வேலை இன்னும் முடியவில்லை.

தங்கச்சி இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். போன கிழமை அந்த மக்ரோவைத் திறந்து பரிசோதனை ஒன்றைச் சேர்த்தாள். அது எங்கட இன்னொரு பிழையைப் பிடித்துத் தந்தது.